பன்னீர் ரோஜா: கரிசல் வீட்டு வாசலுக்கு வந்த வரலாறு

பன்னீர் ரோஜா தமிழ்நாட்டின் சமவெளி ஊர்களில் வீட்டுத் தோட்டச் செடியாகவும் உதிரிப்பூ விற்பனைக்காகவும் வளர்க்கப்படும் மணமுள்ள ரோஜாப் புதர்ச்செடி. பூ இளஞ்சிவப்பு நிறமுடையது. இதழ்கள் மென்மையானவை, பறித்த நாளிலேயே வாடத் தொடங்கிவிடும். மாலை, பூசை, பன்னீர், குல்கந்து ஆகியவற்றுக்குப் பயன்படுகிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், குளத்தூர் வட்டாரங்களை உள்ளடக்கிய கரிசல் நிலத்திலும் வாசல் ஓரத்திலோ கிணற்றடியிலோ இச்செடியைக் காணலாம். மக்கள் இதனை 'நாட்டு ரோஜா' என்றும் அழைப்பர்.

ஆனால் இது இந்நாட்டில் தோன்றிய செடி அன்று. மேற்காசியாவிலிருந்து ஒன்றும் சீனாவிலிருந்து ஒன்றுமாக இரண்டு ரோஜா வழிகள் இந்தியப் பெருங்கடல் வணிகப் பாதையில் சந்தித்ததன் விளைவே இன்று நாட்டு ரோஜா எனப்படும் செடிகளில் முதன்மையானது. அது நிலைத்திருப்பதற்குக் காரணம் ஒருவர் வெட்டிக் கொடுத்த குச்சியை மற்றொருவர் ஊன்றி வளர்த்த வழக்கமே.

பெயர்: பூவுக்கு முன் வந்த நீர்

சங்க இலக்கியமான குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களின் பெயர்களை அடுக்கிக் கூறுகிறார். அப்பட்டியலில் ரோஜா இல்லை. இன்று வழங்கும் 'ரோஜா' என்ற சொல் ஐரோப்பிய மொழிகளின் வழியாகத் தமிழுக்கு வந்தது. 'ரோசா' என்ற வடிவம் போர்த்துகீசியச் சொல்லோடு ஒத்திருக்கிறது.

'பன்னீர்' என்பது பனிநீர் என்பதன் திரிபு. ரோஜா இதழ்களை நீரோடு கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிரச் செய்து வடிக்கும் மணநீரை இச்சொல் குறிக்கிறது. பனி போலத் துளித்துளியாக வடிவதால் இப்பெயர் பொருந்துகிறது. மலையாளத்தில் ரோஜாவுக்குப் 'பனிநீர்ப்பூ' என்றே பெயர்.

பாரசீக மொழியோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். அங்கே 'குல்' என்றால் ரோஜா, 'ஆப்' என்றால் நீர். பூவின் பெயரிலிருந்து 'குலாப்' என்ற நீரின் பெயர் பிறந்தது. தமிழிலும் மலையாளத்திலும் நீரின் பெயரிலிருந்து பூவின் பெயர் பிறந்தது. குப்பியில் அடைத்த வணிகப் பொருளாகப் பன்னீர் முதலில் அறிமுகமாகி, செடி பின்னர் வந்தது என்று இதிலிருந்து கருத இடமுண்டு.

பன்னீரின் மணத்தை அளவுகோலாகக் கொண்டு வேறு தாவரங்களுக்கும் தமிழர் பெயரிட்டனர். திருச்செந்தூர் முருகன் கோயிலில் விபூதியை மடித்துத் தரும் இலை பன்னீர் மரத்தின் இலை. இரவில் மணம் வீசும் வெண்ணிறப் பூக்களைக் கொண்ட இந்த மரத்துக்கும் ரோஜாவுக்கும் தாவரவியல் உறவு இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையும் மணத்தால் பெயர் பெற்றதே. அது மஸ்கட் வகையைச் சேர்ந்தது. ரோஜாவுக்கு மணம் தரும் ஜெரானியால் என்ற வேதிப்பொருள் மஸ்கட் திராட்சைகளிலும் உண்டு. ஆய்வகம் பின்னாளில் கண்டதை நாவும் மூக்கும் முன்பே அறிந்து பெயரிட்டிருந்தன.

மலைகளில் இருந்த ரோஜா

தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ரோஜா ஒன்று உண்டு. நீலகிரி, பழனி மலைக் காடுகளில் மரங்களின்மேல் படர்ந்து வெண்ணிறத்தில் பூக்கும் அதன் தாவரவியல் பெயர் ரோசா லெஷனோல்டியானா. 1816-ல் புதுச்சேரிக்கு வந்து தென்னிந்தியத் தாவரங்களைச் சேகரித்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷனோ தெ லா தூரின் பெயர் அதற்கு இடப்பட்டது. மலைக்குளிரில் வாழும் இச்செடி சமவெளிக்கு இறங்கவில்லை. சமவெளியின் வீட்டு ரோஜாக்கள் கடல்வழியாகவும் வடக்கிலிருந்து தரைவழியாகவும் வந்தவை.

மேற்கிலிருந்து வந்த வழி

பன்னீர் வடிப்பதற்கு உலகெங்கும் பெயர்பெற்ற செடி டமாஸ்க் ரோஜா. சிரியாவின் டமாஸ்கஸ் நகரத்தின் பெயரால் இது வழங்குகிறது. 2000-ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட மரபணு ஆய்வு, இது மூன்று ரோஜா இனங்களின் கலப்பு என்று காட்டியது. காலிகா, மோஸ்காட்டா, மத்திய ஆசியாவைச் சேர்ந்த ஃபெட்செங்கோவானா ஆகியவை அம்மூன்று இனங்கள்.

9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி, மணப்பொருள்களை வடிக்கும் முறைகளைப் பற்றி எழுதினார். பாரசீகத்தின் பார்ஸ் பகுதி பன்னீருக்குப் புகழ்பெற்றிருந்தது. பாரசீகப் பன்னீர் இந்தியப் பெருங்கடல் வழியாகத் தொலைநாடுகளுக்குச் சென்ற சரக்கு.

1443-ல் பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் விஜயநகரத்துக்கு வந்தார். அந்நகர மக்கள் ரோஜா இல்லாமல் வாழ மாட்டார்கள், உணவைப் போலவே அதையும் இன்றியமையாததாகக் கருதுகிறார்கள் என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். பாரசீகத்தில் 'குல்' என்ற சொல் பொதுவாக மலரையும் குறிக்கும் என்பதால் இச்செய்தியைச் சற்று கவனத்தோடு கொள்ள வேண்டும். எனினும், மலர் வணிகம் தென்னிந்திய நகர வாழ்வில் எவ்வளவு பெரிய இடம் பெற்றிருந்தது என்பதற்கு இது தெளிவான சான்று.

வடக்கில் முகலாயர் காலத்தில் ரோஜா அரண்மனைத் தோட்டச் செடியாயிற்று. நூர்ஜஹானின் தாய் அஸ்மத் பேகம் பன்னீர் காய்ச்சியபோது மேலே மிதந்த எண்ணெய்ப் படலத்தைச் சேகரித்து அத்தர் செய்ததாக ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். காஜிப்பூர், கன்னோஜ் ஆகிய ஊர்கள் பின்னர் ரோஜா வடிப்புக்குப் பெயர்பெற்றன.

டமாஸ்க் ரோஜாவுக்கு ஒரு வரம்பு உண்டு. நன்றாகப் பூக்க அதற்குக் குளிர்காலம் வேண்டும். அதன் பெரும்பாலான வகைகள் ஆண்டுக்கு ஒரு பருவமே பூக்கும். மார்கழியிலும் கடுங்குளிர் இல்லாத தமிழகச் சமவெளியில் அது செழித்துப் பூப்பது அரிது. இங்கே நிலைபெறும் ரோஜாவுக்கு வேறொரு குணமும் தேவைப்பட்டது.

கிழக்கிலிருந்து வந்த வழி

அந்தக் குணம் சீன ரோஜாவில் இருந்தது. சீனத் தோட்டக்காரர்கள் பல நூற்றாண்டுகளாகப் பேணிவந்த சில வகைகள், வெப்பமும் நீரும் கிடைக்கும்வரை ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டே இருந்தன. பூப்பதைத் தடுத்துவைக்கும் மரபணு ஒன்று அவற்றில் செயலிழந்திருப்பதே இதற்குக் காரணம் என்று 2012-ல் வெளியான ஆய்வு விளக்கியது.

1787-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கல்கத்தாவில் தாவரவியல் தோட்டம் ஒன்றை நிறுவியது. சீனாவிலிருந்து ஐரோப்பா செல்லும் கப்பல்களின் செடிகளுக்கு அது தங்குமிடமாயிற்று. நீண்ட பயணத்தில் உப்புக்காற்றிலும் நன்னீர்ப் பற்றாக்குறையிலும் வாடிய செடிகள் அங்கே இறக்கித் தேற்றப்பட்டு மீண்டும் ஏற்றப்பட்டன. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்செடிகள் ஐரோப்பியத் தோட்டங்களை அடைந்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் அவற்றை 'வங்காள ரோஜா' என்று அழைத்தனர். வந்த துறைமுகத்தின் பெயர் செடிக்கு ஒட்டிக்கொண்டது. 'ரோசா இண்டிகா' என்ற பழைய தாவரவியல் பெயரும் இவ்வாறே சீனச் செடியை இந்தியச் செடியாகக் காட்டியது.

போர்போன் தீவின் வேலி

இந்த இரு வழிகளும் கலந்த இடமாக ரோஜா வரலாறு குறிப்பிடுவது இந்தியப் பெருங்கடலில் உள்ள போர்போன் தீவை. இன்று அதன் பெயர் ரீயூனியன். புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அத்தீவுக்கு 19-ஆம் நூற்றாண்டில் தமிழர் பலர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர்.

தீவின் விவசாயிகள் நிலத்தைச் சுற்றி ரோஜாவை வேலியாக நட்டிருந்தனர். ஆண்டுக்கு இருமுறை பூக்கும் இலையுதிர்கால டமாஸ்க் ஒரு வகை. ஓயாமல் பூக்கும் இளஞ்சிவப்புச் சீன ரோஜா மற்றொரு வகை. இரண்டும் அடுத்தடுத்து நின்ற வேலியில், யாரும் திட்டமிடாமல் ஒரு கலப்பு நாற்று முளைத்தது. 1817-ல் தீவுக்கு வந்த தாவரவியலாளர் பிரெயோன் இச்செடியைக் கவனித்தார். அங்குள்ளவர்கள் அதனை 'எதுவார் ரோஜா' என்று அழைத்தனர். அவர் பாரிசுக்கு அருகில் ஆர்லியன்ஸ் கோமகனின் தோட்டத்தைக் கவனித்துவந்த ழாக்குக்கு அதன் விதைகளை அனுப்பினார். அவற்றிலிருந்து ஐரோப்பாவின் போர்போன் ரோஜா வரிசை தோன்றியது.

இதே செடி கல்கத்தாவிலும் மொரீஷியசிலும் முன்பே இருந்தது என்ற கருத்தும் ரோஜா வரலாற்றாசிரியரிடையே உண்டு. எதுவாயினும் இது இந்தியப் பெருங்கடலின் செடி. டமாஸ்க்கின் மணமும் சீன ரோஜாவின் மீண்டும் மீண்டும் பூக்கும் இயல்பும் ஒரே உடலில் அமைந்தன. குளிர்காலம் இல்லாத ஊருக்குத் தேவைப்பட்டது இந்தச் சேர்க்கையே.

தமிழகத்தில் எட்வர்ட் ரோஜா

'எதுவார்' என்ற பிரெஞ்சுப் பெயர் ஆங்கிலத்தில் எட்வர்ட் ஆயிற்று. 1901 முதல் 1910 வரை ஆண்ட பிரிட்டிஷ் அரசர் ஏழாம் எட்வர்டின் பெயரே இச்செடிக்கு இடப்பட்டது என்று நினைப்பவர் உண்டு. அது சரியன்று. அரசர் முடிசூடுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தப் பெயர் வழக்கில் இருந்தது.

தமிழ்நாட்டில் உதிரிப்பூவுக்காகப் பயிரிடப்படும் ரோஜாக்களில் எட்வர்ட் ரோஜாவும் ஆந்திர சிவப்பு ரோஜாவும் முக்கியமானவை. நாற்றுப்பண்ணைகளிலும் பூச்சந்தைகளிலும் மணமுள்ள இளஞ்சிவப்பு வகைகள் பலவற்றுக்கும் பன்னீர் ரோஜா என்ற ஒரே பெயர் வழங்குகிறது. எட்வர்ட் வகைச் செடியும் டமாஸ்க் உறவுடைய செடிகளும் இப்பெயருக்குள் அடங்கும். ஆகவே பன்னீர் ரோஜா என்பதை ஓர் இனத்தின் பெயராகக் கொள்ளாமல், மணத்தால் தொகுக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் பெயராகக் கொள்வது பொருந்தும்.

சமூக வாழ்வில் இப்பூவுக்கும் பன்னீருக்கும் மதம் கடந்த இடம் உண்டு. திருமண வாசலில் சந்தனக் கிண்ணத்தோடும் கற்கண்டுத் தட்டோடும் பன்னீர்ச் செம்பு வைக்கப்படும். கோயில் அபிஷேகத்தில் பன்னீர் இடம்பெறும். தர்காக்களில் ரோஜா இதழ் தூவப்படும். கிறித்தவக் கல்லறைகளில் ரோஜா மாலை சாத்தப்படும். குல்கந்து சித்த, யுனானி மருந்துக் கடைகளில் விற்கப்படுகிறது.

கரிசலில் ரோஜா

கரிசல் மண் பருத்திக்கும் கம்புக்கும் சோளத்துக்கும் உளுந்துக்கும் ஏற்றது. கோவில்பட்டியில் 1901-ல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மானாவாரிப் பயிர்களுக்காகவே பெயர்பெற்றது. ரோஜாவுக்கு இந்த மண் எளிதானதன்று. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, மண்ணின் அசைவு. கரிசல் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிப்பு விடும். வெடிப்பு விடும்போது மெல்லிய வேர்கள் அறுபடும். இரண்டாவது, வடிகால் இன்மை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. மூன்றாவது, சுண்ணாம்பு. மண்ணில் கலந்துள்ள சுக்கான் காரத்தன்மையைக் கூட்டுகிறது. மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாமல், நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் மாறும். பல கிணறுகளின் உவர்நீர் இந்தத் தொல்லையை மேலும் பெருக்கும்.

ரோஜாவுக்கு ஏற்றது நீர் தேங்காத, 6 முதல் 7 வரை கார அமில நிலை உள்ள மண். எனவே கரிசல் வீடுகளில் ரோஜா வளர்ப்பது என்பது ஒரு குழி அளவுக்கு மண்ணையே மாற்றுவதாகும். நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 45 செ.மீ. உள்ள குழி எடுத்து, கரிசலை அகற்றி, செம்மண்ணும் மணலும் சுமார் 10 கிலோ மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்புவது ஒரு வழி. மழைநீர் தேங்காதபடி நடுமிடத்தைச் சற்று மேடாக்குவதும் அவசியம். தொட்டியிலோ பழைய மண்பானையிலோ வளர்ப்பது மற்றொரு வழி. கோடையில் அடிமண்ணைச் சருகாலோ வைக்கோலாலோ மூடினால் வெடிப்பும் ஆவியாதலும் குறையும்.

செடியைப் பெருக்கும் முறை எளிது. பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடிப்பகுதியைச் சாய்வாகச் சீவி, மழைக்காலத்தில் ஊன்றுவர். மேல்முனை காயாமலிருக்க ஒரு சாணி உருண்டை வைப்பதும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவாத்து செய்யும் பருவம். அப்போது கழித்த கிளைகளே அடுத்த வீட்டுக்கான குச்சிகளாகின்றன. மழையும் கவாத்தும் ஒரே காலத்தில் வருவது வறண்ட வட்டாரத்துக்கு வாய்த்த வசதி.

குச்சியில் வளரும் செடி தாய்ச்செடியின் மகள் அன்று. தாய்ச்செடியின் ஒரு பகுதியே. விதை வழியில் நிகழும் கலப்பும் மாற்றமும் இதில் இல்லை. போர்போன் வேலியில் முளைத்த நாற்றிலிருந்து குச்சி வழியாகத் தொடர்ந்து வந்த செடி எங்கு நின்றாலும், அது 200 ஆண்டுகளுக்கு முந்தைய அதே செடிதான். இடையில் ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் அதனை வெட்டி ஊன்றியிருக்கிறார். அவர்கள் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை.

மணம் குறைந்த கதை

போர்போன் ரோஜாவின் வழித்தோன்றல்களே நவீன ரோஜாவின் முன்னோர். 1867-ல் பிரான்சில் கியோ அறிமுகப்படுத்திய 'லா பிரான்ஸ்' முதல் கலப்புத் தேயிலை ரோஜாவாகக் கருதப்படுகிறது. அதன்பின் வந்த கலப்பினங்கள் நீண்ட காம்பு, நிமிர்ந்த மொட்டு, புதிய நிறங்கள், நோய் எதிர்ப்பு, பறித்தபின் வாடாமை ஆகியவற்றை நோக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டன. இத்தேர்வில் மணம் பின்னுக்குப் போயிற்று.

இந்த இழப்பின் காரணத்தை 2015-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் விளக்கினர். ரோஜாவின் மணப்பொருளான ஜெரானியால் உருவாவதற்கு இதழில் உள்ள ஒரு குறிப்பிட்ட நொதி தேவை. மணமுள்ள 'பாபா மெய்யோன்' ரோஜாவில் அந்நொதியின் மரபணு வலுவாகச் செயல்படுகிறது. மணமற்ற 'ரூஜ் மெய்யோன்' ரோஜாவில் அது மிகக் குறைவாகவே செயல்படுகிறது.

தமிழகத்தில் ஓசூர் வட்டாரப் பசுமைக்குடில்களில் விளையும் கொய்மலர் ரோஜா ஏற்றுமதிக்கும் காதலர் நாள் விற்பனைக்கும் செல்கிறது. பல நாள் பயணம் தாங்குவது அதன் தகுதி. திண்டுக்கல், நிலக்கோட்டைப் பூச்சந்தைகளுக்கு வரும் உதிரி ரோஜாவின் தகுதி வேறு. அது அன்றே விற்று, அன்றே மாலையாக வேண்டும். இருவேறு சந்தைகளும் இருவேறு செடிகளைக் காத்துவருகின்றன.

இந்தியாவிலும் ரோஜா இனவிருத்தி வளர்ந்தது. கோதுமை ஆய்வாளரும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநருமான பி.பி. பால் பல புதிய ரோஜா வகைகளை உருவாக்கினார். இந்தியாவில் ரோஜா வளர்ப்பு பற்றிய அவரது ஆங்கில நூல் 1966-ல் வெளிவந்தது. இந்திய ஆட்சிப்பணியில் இருந்த எம்.எஸ். வீரராகவன், கொடைக்கானலில் மனைவி கிரிஜாவோடு சேர்ந்து வெப்பநாட்டுக்கு ஏற்ற ரோஜாக்களை உருவாக்க முயன்றார். வங்கத்துச் சதுப்புநிலங்களில் வளரும் கிளினோஃபில்லா, மணிப்பூர் மலைகளின் ஜைஜான்டியா ஆகிய இந்தியக் காட்டு ரோஜாக்களை அவர் கலப்புக்குப் பயன்படுத்தினார். குளிர்நாட்டுக்கெனத் தேர்ந்த செடிகளை வெப்பநாட்டில் வருந்தி வளர்ப்பதைவிட, வெப்பத்தைத் தாங்கும் இனங்களிலிருந்து தொடங்கலாம் என்பது அவரது வழி. போர்போன் வேலியில் தற்செயலாக நிகழ்ந்ததை இவர் திட்டமிட்டுச் செய்தார் எனலாம்.

வேர்ச்செடியாக வாழ்வது

நாற்றுப்பண்ணைகளில் இன்று விற்கும் ரோஜாக்களில் பல மொட்டுக் கட்டிய ஒட்டுச்செடிகள். வலிய வேருள்ள ஒரு செடியின் தண்டில் வேறொரு ரோஜாவின் மொட்டைப் பொருத்தி வளர்ப்பது இம்முறை. இந்தியாவில் இதற்கென வேர்ச்செடியாகப் பயன்படுபவற்றில் எட்வர்ட் ரோஜாவும் ஒன்று. மேலே பூக்கும் புதிய வகைக்கு, மண்ணுக்குள் பழைய ரோஜா உணவளிக்கிறது.

கோடையில் ஒட்டுப்பகுதி பட்டுப்போனால் அடியிலிருந்து வேறு இலையும் முள்ளும் கொண்ட தளிர் எழும். ஒட்டு உயிரோடு இருக்கும்போது இத்தளிரை அடியோடு நீக்க வேண்டும். இல்லையேல் அது மேல்செடியை வென்றுவிடும். ஒட்டு முழுதும் போனபின், வேர்ச்செடி எட்வர்டாக இருந்தால், எழும் தளிரில் பழைய மணத்தோடு இளஞ்சிவப்புப் பூ பூக்கும். சிவப்போ மஞ்சளோ வாங்கி நட்ட செடி 'நாட்டு ரோஜாவாக மாறிவிட்டது' என்று வீடுகளில் சொல்வது இவ்வாறு நிகழக்கூடியது. செடி மாறவில்லை, கீழே இருந்தது மேலே வந்துள்ளது.

குச்சியில் வளர்ந்த செடிக்கு இந்த இடர் இல்லை. கோடையில் மேலே முழுவதும் கருகினாலும், வேரிலிருந்து எழுவதும் அதே ரோஜாதான். மழை தவறும் வட்டாரத்தில் சொந்த வேரில் நிற்கும் புதர் ரோஜாவின் சிறப்பு இது.

பாதுகாப்பு

அச்சடித்த நூலின் ஒரு படி அழிந்தாலும் மற்றொரு படி எங்கோ இருக்கும். குச்சி வழியாகப் பரவும் செடியும் அத்தகையதே. ஆனால் படியெடுப்பது நின்றால் எண்ணிக்கை குறையத் தொடங்கும். வீட்டை இடித்துக் கட்டும்போதும், வாசலுக்குச் சிமெண்ட் தளம் போடும்போதும் முதலில் போவது வாசல் ஓரச் செடி. அதற்குமுன் இரண்டு குச்சிகளை வெட்டி வேறிடத்தில் ஊன்றினால் அச்செடி அழியவில்லை என்று பொருள். பாரசீகத்தின் மணத்தையும் சீனத்தின் பூக்கும் இயல்பையும் சுமந்து வந்த ரோஜாவை இதுவரை காத்தது ஒரு சாண் குச்சியைக் கேட்டு வாங்கி, கேட்டவருக்குக் கொடுத்த வழக்கம். ஐப்பசி மழை தொடங்கும்போது அதைத் தொடர்வதற்கு வேண்டுவது ஒரு கத்தியும் ஈரமண்ணும் மட்டுமே.